ஒத்துப்போதல்

வெள்ளை அணுக்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் அங்கே ஒரு போர்க்களம் இருக்கும். கிருமிகள் எதிரிகள், உடம்பு கோட்டை, வெள்ளை அணுக்கள் படைவீரர்கள். நான் படித்த பள்ளிப் பாடநூலில் அப்படித்தான் இருந்தது. மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் இன்றைக்கும் அப்படித்தான். என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அவனுக்கு என் ஸ்டெம் செல்களைக் கொடுத்தேன். அவற்றோடு சேர்ந்து போன வெள்ளை அணுக்கள் அவன் உடம்பில் என்ன செய்கின்றன என்பதை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போர்க்களக் கதை எனக்குப் போதவில்லை. கோட்டை, காவல் என்பதெல்லாம் எதிரி வெளியிலிருந்து வரும்போது சரி. ரத்தப் புற்றுநோயில் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. தம்பியின் எலும்பு மஜ்ஜையில் பிறந்த அவனுடைய செல்களே மாறிப்போயிருந்தன. அவற்றை யார், எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வது?

வெள்ளை அணுக்களில் லிம்போசைட்டுகள் என்று ஒரு வகை உண்டு. நிணநீர்ச் செல்கள் என்று தமிழில் சொல்கிறார்கள். கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றில் டி செல்கள், என்கே செல்கள் என்ற இரண்டு பிரிவுகளின் வேலை. இவை எப்படிப் பார்க்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் எங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் வந்தது.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். தம்பி கடைக்குட்டி. அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்று தெரிந்து, கீமோ முடிந்ததும், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு யாருடையது பொருந்தும் என்று பார்க்க மற்ற மூவரையும் கூப்பிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஏ, பி, ஓ என்ற ரத்த வகையை இல்லை. எச்எல்ஏ என்ற இன்னொரு வகையை. ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களின் தொகுதி அது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். அதனால் கூடப்பிறந்த இருவருக்கு அது முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். பெரியண்ணனுக்குப் பொருந்தவில்லை. அக்காவுக்குப் பாதி. எனக்கு முழுதாகப் பொருந்தியது. ஆனால் ரத்த வகையில் தம்பி ஏ, நான் ஓ.

அத்தைக்கு இது விளங்கவே இல்லை. “குரூப்பே வேற வேறங்கறாங்க. அப்புறம் எப்படிடி ஒத்துப்போகுதுன்னு சொல்றாங்க?”

எச்எல்ஏவில் முதல் வகையை 1958இல் பாரிஸில் ழான் டோசே கண்டுபிடித்தார். ஒருவர் உடம்பு இன்னொருவர் உறுப்பை ஏற்பதும் தள்ளுவதும் இதைப் பொறுத்தே என்று பிறகு தெளிவானது. ஆனால் உறுப்பு மாற்று சிகிச்சை மனிதன் நேற்று தொடங்கியது. அதைத் தடுப்பதற்காகவா உடம்பு இத்தனை காலமாக இதை வைத்துக்கொண்டிருந்தது? இதற்கு விடை 1973இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் கிடைத்தது. பீட்டர் டோஹர்ட்டி பிரிஸ்பேனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். ரோல்ஃப் சிங்கர்நாகல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மருத்துவர். இருவரும் எலிகளுக்கு ஒரு வைரஸைச் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றின் லிம்போசைட்டுகளை எடுத்து, அதே வைரஸ் தொற்றிய செல்களோடு கண்ணாடித் தட்டில் விட்டார்கள். அந்தச் செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியம் ஏற்றியிருந்தார்கள். செல் செத்தால் குரோமியம் வெளியே கசியும்; அதை அளந்தால் எத்தனை செத்தன என்று தெரியும். தொற்றிய செல் அதே இன எலியுடையது என்றால் லிம்போசைட்டுகள் அதைக் கொன்றன. வேறு இன எலியுடையது என்றால், உள்ளே அதே வைரஸ் இருந்தும், தொடாமல் விட்டுவிட்டன.

எதிரி ஒன்றுதான், வீரனும் ஒருவன்தான். ஆனாலும் ஓரிடத்தில் கொல்கிறான், ஓரிடத்தில் சும்மா இருக்கிறான். அப்படியென்றால் லிம்போசைட் வைரஸை மட்டும் பார்க்கவில்லை. தன் உடம்பின் அடையாளத்தையும் அதில் ஏற்பட்டிருக்கும் மாற்றத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிறது. 1974இல் இதை வெளியிட்டார்கள். 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அடையாளத்தின் உருவம் 1987இல் தெரிந்தது. அமெரிக்காவில் பமீலா பியோர்க்மனும் அவருடைய சகாக்களும் எச்எல்ஏ மூலக்கூறு ஒன்றின் வடிவத்தைப் படமாக்கினார்கள். அதன் தலையில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் ஏதோ ஒரு சிறு துண்டு படுத்திருந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டம்தான் உதவியது. விடியும் முன்னே எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். லயத்து வீட்டுக்குள் யாருக்கு என்ன என்று கங்காணி எட்டிப் பார்ப்பதில்லை. வந்து நிற்கும் முகத்தைப் பார்த்துத்தான் யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி குடித்தது என்று கண்டுபிடிப்பார். நம் செல்களும் அப்படிப் பெரட்டுக்கு வருகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்குள் செய்யும் புரதங்களில் கொஞ்சத்தை வெட்டி, எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக்கி, எச்எல்ஏவின் பள்ளத்தில் வைத்து வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து காட்டிக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் ஒரு வைரஸ் புகுந்து தன் புரதத்தைச் செய்ய ஆரம்பித்தால், அதுவும் வெட்டப்பட்டு வெளியே வரும். அந்த வழியாகப் போகும் டி செல் நின்று பார்க்கும்.

பார்த்துப் பிடித்துவிட்டால் பிறகு நடப்பதில் போரின் ஆரவாரம் எதுவும் இல்லை. டி செல் அந்தச் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சுவரில் துளையிடுகிறது. கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே அனுப்புகிறது. எல்லாச் செல்லுக்குள்ளும் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று பிறவியிலேயே உண்டு. கிரான்சைம் அதைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். செல் சுருங்கி, துண்டுதுண்டாகி, பக்கத்துச் செல்களால் விழுங்கப்படுகிறது. டி செல் தன்னை விடுவித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கப் போகிறது.

இப்படிப் பார்க்கத் தெரிந்த டி செல்கள் எங்கே படிக்கின்றன? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. வயதாக ஆகச் சுருங்கிவிடும். ஒன்றுக்கும் உதவாத மிச்சம் என்று நினைத்திருந்ததை, 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவற்றால் தொற்றை எதிர்க்க முடியவில்லை. வேற்று எலியின் தோலை ஒட்டினாலும் தள்ளவில்லை. டி செல்லுக்கு அந்த ‘டி’ வந்ததே தைமஸிலிருந்துதான். ஒவ்வொரு டி செல்லும் ஏதாவது ஒரு வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஏற்பியோடு, குருட்டுவாக்கில், அங்கே உருவாகிறது. எந்தக் கிருமி வரப்போகிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே நடப்பது இரண்டு பரிட்சை. சொந்த எச்எல்ஏவைப் பிடிக்கத் தெரிகிறதா? தெரியாதது சாகும். சொந்தப் புரதத் துண்டைப் பார்த்ததும் மிக இறுக்கமாகப் பிடிக்கிறதா? அதுவும் சாகும். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகின்றன. தேறி வருபவை சொந்தத்தைப் பார்த்துச் சும்மா இருக்கவும், சொந்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் விழித்துக்கொள்ளவும் பழகியவை.

தம்பியின் டி செல்கள் அவன் தைமஸில் தேறியவை. அவனுடைய லுக்கேமியா செல்கள் காட்டிய துண்டுகளில் பெரும்பாலானவை அவை சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய துண்டுகள்தான். மாற்றம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அவை பிடிக்கவில்லை. என் டி செல்கள் என் தைமஸில் தேறியவை. எச்எல்ஏ என்ற தட்டு இருவருக்கும் ஒன்று. தட்டில் வைப்பது எல்லாம் ஒன்றில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் புரதங்கள் அங்கங்கே ஓர் எழுத்து, இரண்டு எழுத்து வித்தியாசப்படும். அவன் செல்கள் பழக்கமாய்க் காட்டும் சில துண்டுகள் என் டி செல்களுக்குப் புதிது.

டாக்டர் இதை மலாயும் ஆங்கிலமும் கலந்து எங்களுக்குச் சொன்னபோது முதலில் பயம்தான் வந்தது. அவர் அதைத்தான் நம்பியிருந்தார். 1979இல் சியாட்டலில் டொன்னால் தாமஸின் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். தானம் செய்தவரின் செல்கள் யாருடைய உடம்பைக் கொஞ்சம் தாக்கினவோ, அவர்களுக்கு லுக்கேமியா திரும்பி வருவது குறைவாக இருந்தது. 1990இல் உலகெங்கும் நடந்த சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒற்றைக் கரு இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். இரட்டையர் என்றால் எல்லாமே பொருந்தும். அதனாலேயே அந்தச் செல்களுக்கும் எதுவும் தப்பாகத் தெரிவதில்லை. ‘ஒரே ரத்தம்’ என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, இந்தச் சிகிச்சையில் அது முழுக்க முழுக்க ஒன்றாக இருந்தால் நல்லதில்லை.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடுப்பும் நெஞ்செலும்பும் குடைந்தன. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கைக்குத் திரும்ப, நான்கு மணி நேரம் படுத்திருந்தேன். அதற்கு முன்பே டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? ஆணா, பெண்ணா?” இரண்டு பையன்கள் என்றேன். எழுதிக்கொண்டார். ஏதோ பாரத்தை நிரப்புகிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் முப்பத்து நான்காம் நாள் தெரிந்தது. தம்பியின் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு உள்ளங்கால், காது மடல், முதுகு. அடுத்த வாரம் வயிற்றுப்போக்கு. பெயர் ஜிவிஹெச்டி: வந்த செல்கள் இருக்கும் உடம்பைத் தாக்குவது. ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமிலும் சில புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. ஓர் ஆணின் செல்கள் அவற்றின் துண்டுகளையும் பெரட்டில் காட்டும். பெண்ணின் தைமஸில் அந்தத் துண்டுகளே கிடையாது. அதனால் அவற்றைப் பிடிக்கும் டி செல்கள் அவளிடம் களையப்படாமல் இருக்கும். 1970களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் எல்ஸ் கூல்மி இதை ஒரு பெண் நோயாளியின் ரத்தத்தில் கண்டார். அவள் உடம்பு, எச்எல்ஏ பொருந்திய கூடப்பிறந்தவனின் மஜ்ஜையைத் தள்ளியிருந்தது. ஆண்பிள்ளையைச் சுமந்தவள் என்றால் இன்னும் ஒரு படி மேல். பிள்ளையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவள் டி செல்களில் சில அந்தத் துண்டுகளை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கும். பிரசவமாகி 27 ஆண்டுகள் கழித்தும் ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்கள் இருந்ததை 1996இல் டயானா பியாங்கியின் குழு கண்டிருக்கிறது. என் பையன்களைச் சுமந்ததில் என் ரத்தம் கற்றுக்கொண்டதும் அந்தப் பையில் போயிருக்கலாம்.

அத்தை பார்க்க வந்தார். தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “ஒன் ரத்தம் அவனுக்கு ஒத்துக்கலடி” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் வீட்டில் தங்கிவிட்டது. தம்பி மனைவி ஒன்றும் சொல்லாமல் அவன் தோலில் களிம்பு தடவிக்கொண்டிருப்பாள். ஒருநாள் வார்டு வாசலில் கேட்டாள்: “அக்கா, ஒங்க செல்லுக்கு அவர யாருன்னு தெரியலையா?”

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் கேட்டோம். “தெரிகிறது. ஆனால் முழுதாகத் தெரியவில்லை. அவரை வைத்திருப்பதே அந்தக் கொஞ்சம் தெரியாததுதான்,” என்றார். ஆணுக்குப் பெண் கொடுக்கும்போது ஜிவிஹெச்டி அதிகம். லுக்கேமியா திரும்புவது குறைவு. இரண்டும் ஒரே செல்கள் செய்யும் ஒரே வேலை. தோல் செல்லிலும் லுக்கேமியா செல்லிலும் ஒரே துண்டைப் பார்த்தால், இது வேண்டாம் அது வேண்டும் என்று பிரித்துப் பார்க்க டி செல்லுக்குத் தெரியாது. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். மூன்று வாரத்தில் சிவப்பு இறங்கியது.

அடக்கினால் வேறு கதவு திறக்கும். இரண்டாம் மாதக் கடைசியில் ரத்தத்தில் சைட்டோமெகலோ வைரஸ் ஏறியது. நம்மில் பலருக்குள் தெரியாமல் தங்கியிருக்கும் வைரஸ்தான் அது. காவல் தளரும்போது எழுந்திருக்கும். அதன் சாமர்த்தியம், தான் புகுந்த செல் எச்எல்ஏவை வெளியே கொண்டுவராமல் உள்ளேயே இழுத்து அழித்துவிடுவது. பெரட்டுக்கே வராமல் செய்துவிடும். டி செல் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஆனால் தோட்டத்தில் பெரட்டுக்கு வராதவன் தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. வந்தவர்களைப் பார்த்து முடித்ததும் கங்காணி வராதவன் வீட்டுக்குத்தான் போவார். உடம்பில் அந்த வேலை என்கே செல்களுடையது. 1986இல் ஸ்டாக்ஹோமில் கிளாஸ் கேர்ரேவும் அவருடைய சகாக்களும் எலிகளில் இதைக் காட்டினார்கள். என்கே செல் தேடுவது அந்நியத்தை இல்லை. இருக்க வேண்டிய சொந்த அடையாளம் இல்லாமல் போவதை. அடையாளத்தைக் காட்டும் செல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காட்டாத செல்லைக் கொல்லும். மாற்று சிகிச்சைக்குப் பிறகு லிம்போசைட்டுகளில் முதலில் தேறி வருவதும் இவைதான். டி செல்கள் முழுதாகத் தேற மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். மருந்தும் கொடுத்தார்கள். வைரஸ் இறங்கியது. இதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு என்கே செல் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒளிந்துகொள்ளும் வித்தை வைரஸுக்கு மட்டும் சொந்தமில்லை. மாற்று சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த லுக்கேமியா செல்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அவற்றில் பல எச்எல்ஏவின் ஒரு வகையைக் காட்டுவதையே குறைத்திருந்ததை 2018இல் வெளியிட்டார்கள். கொடையாளியின் டி செல்களுக்கு நடுவே பிழைத்தவை, அவற்றின் கண்ணில் படாதவைதான்.

ஒன்பதாம் மாதம் அந்தப் பயம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. தம்பியின் ரத்தத்தில் எத்தனை செல் என்னுடையது, எத்தனை அவனுடையது என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் அது எளிது. இரண்டு எக்ஸ் இருந்தால் நான், ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் இருந்தால் அவன். மூன்றாம் மாதத்திலிருந்து நூற்றுக்கு நூறு நான். ஒன்பதாம் மாதம் அது எண்பத்தெட்டு என்று வந்தது. லுக்கேமியா இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் அவன் மஜ்ஜை எங்கோ முளைக்கிறது. நோய் அந்த வழியில்தான் வரும்.

டாக்டர் செய்தது இதுதான்: என் செல்களை அடக்கி வைத்திருந்த சைக்ளோஸ்போரின் மாத்திரையை வாரத்துக்கு வாரம் குறைத்தார். அது போதாவிட்டால் என் லிம்போசைட்டுகளை மட்டும் இன்னொரு முறை எடுத்து அவனுக்கு ஏற்றுவதாகச் சொன்னார். 1990இல் மியூனிக்கில் ஹான்ஸ் யோகெம் கோல்ப் அப்படிக் கொடுத்து, திரும்பி வந்த லுக்கேமியாவை மறையச் செய்திருக்கிறார். என்னைத் தயாராக இருக்கச் சொன்னார்கள். தம்பியின் தோலை எரித்த அதே செல்கள். “கொடுப்பீங்களாக்கா?” என்று தம்பி மனைவி கேட்டாள். முன்பு வார்டு வாசலில் கேட்ட அதே குரல் இல்லை அது.

அந்த ஐந்து வாரமும் காலையில் எழுந்ததும் அவள் தம்பியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். சிவந்திருக்கிறதா என்று. எட்டு மாதத்துக்கு முன் எந்தச் சிவப்பைப் பார்த்து அழுதாளோ, அதே சிவப்பு வராதா என்று காத்திருந்தாள். ஆறாவது வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். உள்ளங்கை. லேசான சிவப்பு. கீழே, “வந்துருச்சுக்கா.” அடுத்த பரிசோதனையில் தொண்ணூற்றாறு. அதற்கடுத்ததில் நூறு. இரண்டாவது பை தேவைப்படவில்லை.

இப்போது தம்பியின் ரத்த வகை ஓ. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகள் அவன் ரத்தத்தில் மறந்துபோய்விட்டதால், நாற்பத்தைந்து வயதில் கைக்குழந்தைகளுக்குப் போடுவதை எல்லாம் முதலிலிருந்து போட்டுக்கொண்டான். ஜிவிஹெச்டி முழுதாகப் போகவில்லை. கண் வறண்டுபோகும், மணிக்கொரு முறை சொட்டு மருந்து. வாய்க்குள் வெள்ளைக் கோடுகள். நாசி லெமாக்கில் சம்பலை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட முடியும். முன்பு அவன் சம்பலுக்காகவே நாசி லெமாக் வாங்குகிறவன்.

போன தீபாவளிக்கு அத்தை மறுபடி கேட்டார். “இப்பவாச்சும் ஒத்துக்கிச்சா?”

“முழுசா ஒத்துக்கல அத்த,” என்றான் தம்பி. “டாக்டர் அப்படியே விடச் சொல்லிட்டாரு.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அவன் தட்டில் காரமில்லாத கறியைத் தேடி வைத்துக்கொண்டிருந்தேன்.